பாதித் திட்டத்தோடு நின்றுவிட்ட அணி: பேஸ்பால் ரசிகர்கள் ஏன் பிட்சர் கேட்டுக் கொதிக்கிறார்கள்?

பேஸ்பால் ரசிகர்களுக்கு அதிகமாகக் கோபம் வரும் காலம் குளிர்காலம்தான். அமெரிக்க பேஸ்பால் சீசனின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரீஸ் முடிந்ததும் அடுத்த சீசனுக்காக மார்ச் கடைசி வரை காத்திருக்க வேண்டும். நடுவில் ஆட்டம் கிடையாது, செய்தி மட்டும்தான். யார் எந்த அணிக்குப் போகிறார், எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எத்தனை கோடி டாலர் என்று தினமும் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அந்தச் செய்திகளில் நம் அணியின் பெயரே அடிபடாமல் போனால் எந்த ரசிகருக்கும் எரிச்சல் வரும். பெரிய பிட்சர்கள் ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடக் கொடுமை.

இந்தக் கோபம் எதைப் பற்றியது, அதில் எவ்வளவு நியாயம் என்று புரிந்துகொள்ள பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியைப் பார்த்தால் போதும். எனக்கு அந்த ரசிகர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஆட்டத்தைப் பற்றியும் சந்தையைப் பற்றியும் சில அடிப்படைகள்.

பேஸ்பாலில் பந்தை எறிபவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவரை ஸ்டார்ட்டிங் பிட்சர் என்பார்கள். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; ஒரு நல்ல ஸ்டார்ட்டர் ஐந்து, ஆறு இன்னிங்ஸ் தாங்குவார். தொண்ணூறு, நூறு பந்து எறிவார். அப்புறம் நான்கைந்து நாள் கையை அசைக்கவே கூடாது என்கிற மாதிரி ஓய்வு. அதனால் ஒரு அணிக்கு ஐந்து ஸ்டார்ட்டர்கள் வேண்டும். முறைவைத்து மாறி மாறி எறிவார்கள். ஒரு சீசனில் 162 ஆட்டம். உடம்பு ஒத்துழைத்தால் ஒருவருக்குச் சுமார் 32 ஆட்டம் கிடைக்கும். இந்த ஐவரில் முதல் ஆளை ஏஸ் என்பார்கள். அணி மூன்று, நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றுத் துவண்டிருக்கும்போது தோல்வியை நிறுத்துவது அவர் பொறுப்பு. பிளேஆஃபில் முதல் ஆட்டத்தை எறிவதும் அவர்தான். பேட்டர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஆட்டத்துக்கு நான்கைந்து முறைதான் மட்டையைப் பிடிப்பார். ஏஸ் எறிகிற நாளில் ஆட்டம் முழுக்க அவர் கையில்.

இனி ஃப்ரீ ஏஜென்ட். டிராஃப்ட் என்பது அணிகள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. ஒரு கிளப் இளைஞர் ஒருவரை அதில் தேர்ந்தெடுத்துவிட்டால், உச்ச லீக்கான மேஜர் லீக்கில் அவர் ஆறு ஆண்டு சேவையை முடிக்கும் வரை அந்தக் கிளப்பின் கட்டுப்பாட்டில்தான் இருப்பார். முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025இல் அது 7.6 லட்சம் டாலர். அதன்பின், சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் முறையில் சம்பளம் படிப்படியாக ஏறும். ஆறு ஆண்டு முடிந்ததும் விடுதலை. எந்த அணியோடு வேண்டுமானாலும் பேசலாம், பிடித்த ஊருக்குப் போகலாம். ஐபிஎல் ஏலம் தெரிந்தவர்களுக்கு வித்தியாசம் சட்டென்று புரியும். அங்கே எந்த அணிக்குப் போவது என்று வீரர் சொல்ல முடியாது, எல்லா அணிக்கும் ஒரே செலவு வரம்பு. இங்கே முடிவு வீரருடையது, சம்பளத்துக்கு உச்சவரம்பும் கிடையாது. ஒரு தொகையைத் தாண்டினால் கிளப் ஆடம்பர வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2025இல் அந்தத் தொகை 24.1 கோடி டாலர். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸும் நியூயார்க் யாங்கீஸும் அந்த வரியைக் கட்டிவிட்டுச் செலவு செய்துகொண்டே போவார்கள்.

இந்த உரிமை சும்மா வரவில்லை. 1975 வரை ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை கிளப்புக்கு இருந்தது. கர்ட் ஃப்ளட் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் தோற்றார். 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்கிற நடுவர், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரண்டு பிட்சர்களின் வழக்கில் வீரர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னார். அதோடு கதவு திறந்தது. மெக்னாலி யார் தெரியுமா? பால்டிமோருக்காக ஆண்டுக்கணக்கில் எறிந்தவர். 1971இல் ஒரே சீசனில் தங்கள் பெயரில் தலா இருபது வெற்றிகளைத் தொட்ட நான்கு ஓரியோல்ஸ் பிட்சர்களில் ஒருவர். வழக்கு நடந்தபோது அவர் மான்ட்ரியால் அணிக்குப் போய், அங்கே விளையாட்டையே விட்டுவிட்டிருந்தார். தனக்கு ஒரு லாபமும் இல்லாத வழக்கில் மற்ற வீரர்களுக்காகப் பெயரைக் கொடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த பேஸ்பால் மனிதர்களில் அவரும் ஒருவர்.

சரி, பால்டிமோர் ரசிகர்கள் எதைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள்?

2018இல் ஓரியோல்ஸ் 115 ஆட்டங்களில் தோற்றது. கிளப்பின் வரலாற்றிலேயே அதிகத் தோல்விகள் கண்ட சீசன். அந்த நவம்பரில் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸிலிருந்து மைக் எலாயஸ் பொது மேலாளராக வந்தார். அணியைக் கலைத்துவிட்டு அடியிலிருந்து கட்டுவது என்று முடிவானது. தோற்கிற அணிக்கு டிராஃப்டில் முன்னால் இடம் கிடைக்கும்; அந்த இடங்களில் நல்ல இளைஞர்களை எடுத்து வளர்ப்பதுதான் வழி. 2019இல் 108 தோல்வி, 2021இல் 110 தோல்வி. அந்த ஆண்டுகளிலும் டிக்கெட் வாங்கி, அணியின் சொந்த மைதானமான கேம்டன் யார்ட்ஸுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பதிலுக்குக் கிடைத்தவர்கள்: 2019 டிராஃப்டின் முதல் ஆளாக அட்லி ரட்ச்மேன், அதே ஆண்டு இரண்டாம் சுற்றில் கன்னர் ஹெண்டர்சன், 2022இல் மறுபடியும் முதல் ஆளாக ஜாக்சன் ஹாலிடே. மூவரும் பேட்டர்கள். எலாயஸ் முதல் சுற்றில் தொடர்ந்து பேட்டர்களைத்தான் எடுத்துவந்தார்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. பதினெட்டு, இருபது வயதில் ஒரு பேட்டர் எப்படி வளர்வார் என்று ஓரளவு ஊகிக்கலாம். பிட்சரின் முழங்கையும் தோளும் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பேட்டரை வளர்ப்பது, பிட்சரைத் தேவைப்படும்போது வாங்குவது. இது எலாயஸ் கண்டுபிடித்தது இல்லை. சிகாகோ கப்ஸ் 2012இல் 101 ஆட்டம் தோற்ற நிலையிலிருந்து இதே வழியில்தான் எழுந்தது. இளம் பேட்டர்கள் தயாரானதும், 2014 டிசம்பரில் ஜான் லெஸ்டர் என்ற பிட்சரை ஆறு ஆண்டுக்கு 15.5 கோடி டாலர் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். அப்போது அவருக்கு வயது 30. 2016இல் கப்ஸ் 108 ஆண்டு காத்திருப்புக்குப் பின் வேர்ல்டு சீரீஸை வென்றது. எலாயஸ் முன்பு வேலை பார்த்த ஹியூஸ்டனும் 2017 ஆகஸ்ட் கடைசி நாளில் ஜஸ்டின் வெர்லாண்டரை வாங்கிவிட்டுத்தான் கோப்பையைத் தூக்கியது.

ஆக, திட்டத்துக்கு இரண்டு பாதி. முதல் பாதி தோற்று, சேர்த்து, வளர்ப்பது. இரண்டாம் பாதி, வளர்ந்தவர்களின் சம்பளம் குறைவாக இருக்கும்போதே அந்த மிச்சத்தை எடுத்துப் பிட்சரிடம் கொட்டுவது. முதல் பாதியின் விலையைக் கொடுத்தவர்கள் ரசிகர்கள். இரண்டாம் பாதிக்குப் பணம் தர வேண்டியது முதலாளி.

2023இல் பலன் தெரிந்தது. ஓரியோல்ஸ் 101 ஆட்டம் வென்று, பணக்கார அணிகள் நிறைந்த அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆனால் பிளேஆஃபில் டெக்சஸ் ரேஞ்சர்ஸிடம் மூன்றுக்குப் பூஜ்யம் என்று சுருண்டது. ஒரு ஏஸ் இல்லை என்று ஊரே சொன்னது. 2024 பிப்ரவரியில் கிளப் மில்வாக்கியிடமிருந்து கார்பின் பர்ன்ஸைப் பரிமாற்றத்தில் வாங்கியது. 2021இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர். ஒரே சிக்கல், அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக இன்னும் ஒரு சீசன்தான் பாக்கி.

அதே நேரத்தில் கிளப்பும் கைமாறியது. ஆண்டுக்கணக்கில் அணியை வைத்திருந்த ஏஞ்சலோஸ் குடும்பம், பால்டிமோரில் பிறந்த டேவிட் ரூபன்ஸ்டைன் தலைமையிலான குழுவுக்கு 172.5 கோடி டாலருக்கு விற்றது. உள்ளூர்க்காரர், பெரும் பணக்காரர். இனிமேல் செலவு செய்வார்கள் என்று ரசிகர்கள் நம்பியதில் தப்பே இல்லை.

பர்ன்ஸ் அந்தச் சீசனில் 194 இன்னிங்ஸ் எறிந்தார். 15 வெற்றி, 9 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 2.92. அக்டோபர் 1ஆம் தேதி கேம்டன் யார்ட்ஸில் கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்கு எதிரான பிளேஆஃப் முதல் ஆட்டத்தைப் பாருங்கள். எட்டு இன்னிங்ஸ் எறிந்தார், கொடுத்தது ஒரே ஒரு ரன். அந்த ஒரு ரன்னிலேயே பால்டிமோர் தோற்றது, 1-0. மறுநாள் 2-1. இரண்டு ஆட்டத்தில் அணி எடுத்த மொத்த ரன் ஒன்று. அன்று தோற்றதற்குப் பிட்சர்கள் காரணமில்லை என்று கிளப் சொன்னால் அது உண்மைதான். ஆனால் ஏஸ் என்பவர் என்ன செய்வார் என்று பால்டிமோர் தன் மைதானத்திலேயே பார்த்ததும் அன்றுதான்.

பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது. டாட்ஜர்ஸ் பிட்சர் பிளேக் ஸ்நெல்லை ஐந்து ஆண்டுக்கு 18.2 கோடிக்கு எடுத்தது. ஓரியோல்ஸின் பிரிவிலேயே இருக்கும் யாங்கீஸ், பிட்சர் மாக்ஸ் ஃப்ரீடுக்கு எட்டு ஆண்டு, 21.8 கோடி கொடுத்தது. அதே பிரிவின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பரிமாற்றத்தில் இன்னொரு பிட்சரான காரெட் க்ரோஷேவை வாங்கியது. டிசம்பர் கடைசியில் பர்ன்ஸும் போனார்: அரிசோனா டயமண்ட்பேக்ஸ், ஆறு ஆண்டு, 21 கோடி டாலர். அவருடைய வீடும் அரிசோனாவில்தான். வீட்டுக்குப் பக்கத்தில் ஆட வேண்டும் என்ற ஆசையில் யாரும் குற்றம் காண முடியாது. பர்ன்ஸ் போனதற்கு ஈடாகப் பால்டிமோருக்கு டிராஃப்டில் முதல் சுற்று முடிந்ததும் ஒரு கூடுதல் தேர்வு கிடைத்தது. ஏஸ் போன இடத்தில் இன்னும் சில ஆண்டு கழித்து வரப்போகிற ஓர் இளைஞர்.

பர்ன்ஸ் போனதைவிட ரசிகர்களை அதிகம் கடுப்பேற்றியது, அவருக்குப் பதிலாக வந்த பட்டியல். 41 வயது சார்லி மோர்ட்டன், ஓர் ஆண்டு, 1.5 கோடி. ஜப்பானின் யோமியூரி ஜயன்ட்ஸிலிருந்து 35 வயது டொமோயுகி சுகானோ, ஓர் ஆண்டு, 1.3 கோடி. இருவரும் மரியாதைக்குரிய பிட்சர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஐந்து பேர் வரிசையில் நான்காம், ஐந்தாம் இடத்தில் வைக்க வேண்டியவர்களை முதல் இடத்துக்கு அருகில் வைத்தால் என்ன ஆகும்? வளர்ந்துவந்த கைல் பிராடிஷ் 2024 ஜூனிலேயே முழங்கை அறுவைக்குப் போய்விட்டார். கிரேசன் ராட்ரிகெஸ் 2025 முழுக்கக் காயத்தில் கிடந்தார். பெரிய ஒப்பந்தம் எதுவும் இல்லாததால் கிளப்பின் பணப்பை பத்திரமாக இருந்தது, மேட்டில் நின்று பந்து எறியத்தான் ஆள் இல்லை.

2025 ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு. சொந்த மைதானத்தில் சின்சினாட்டி ரெட்ஸிடம் ஓரியோல்ஸ் 24-2 என்று தோற்றது. தொடங்கி வைத்த மோர்ட்டன் மூன்றாவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. கடைசியில் எறிய ஆளில்லாமல் பிட்சர் அல்லாத வீரர்களை மேட்டில் ஏற்றினார்கள். பேஸ்பாலில் அது வெள்ளைக்கொடி காட்டுவதற்குச் சமம். மே மாதம், களத்தில் அணியை நடத்தும் மேலாளர் பிராண்டன் ஹைடைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். சீசன் 75 வெற்றி, 87 தோல்வி என்று பிரிவின் கடைசி இடத்தில் முடிந்தது. இரண்டே ஆண்டு முன்னால் இதே இளைஞர்கள் 101 ஆட்டம் வென்றிருந்தார்கள்.

இங்கே கதை ஒரு திருப்பம் எடுக்கிறது. ரசிகர்களோடு வாதம் செய்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கையில் எடுக்கிறார்கள். 2025 ஜூனில் பர்ன்ஸின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. டாமி ஜான் அறுவை. உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து முழங்கையில் வைத்துத் தைப்பது. 1974இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்ததால் அந்தப் பெயர். திரும்பி வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். 21 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பர்ன்ஸ் முதல் ஆண்டு தொடங்கியது 11 ஆட்டங்கள்தான். பார்த்தீர்களா, வாங்காமல் விட்டதே நல்லது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பயம் பொய்யானது இல்லை. பால்டிமோருக்கே அதில் பழைய அனுபவம் உண்டு. மெக்னாலி தீர்ப்புக்குப் பிறகு வந்த முதல் பெரிய சந்தையில், 1976இல், ஓரியோல்ஸுக்காக இருபது ஆட்டம் வென்ற வேய்ன் கார்லண்டை கிளீவ்லாண்ட் பத்து ஆண்டுக்கு 23 லட்சம் டாலர் பேசித் தூக்கிச் சென்றது. அந்தக் காலத்தில் அது தலைசுற்றும் தொகை. அடுத்த வசந்தப் பயிற்சியிலேயே கார்லண்டின் கை போனது. 1977இல் 19 ஆட்டம் தோற்றார், மறு ஆண்டு தோளில் அறுவை, பத்து ஆண்டு ஒப்பந்தம் பாதி வழி வந்ததும் அவர் ஆட்டமே முடிந்துவிட்டது. பால்டிமோர் தானே பணம் இறக்கியபோதும் நல்லது நடக்கவில்லை. 2014இல் உபால்டோ ஹிமெனெஸுக்கு நான்கு ஆண்டு, 5 கோடி. 2016 பிளேஆஃபில் டொரன்டோவில் பதினோராவது இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்த ஹோம் ரன்னை, அதாவது கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடியை, கொடுத்தவர் அவர்தான். 2018இல் அலெக்ஸ் காப்புக்கு நான்கு ஆண்டு, 5.7 கோடி, அந்த ஆண்டே 15 தோல்வி.

ஆனால் இந்த உதாரணங்களை உற்றுப் பாருங்கள். ஹிமெனெஸும் காப்பும் அந்தக் குளிர்காலங்களில் கிடைத்த முதல்தரப் பிட்சர்கள் இல்லை. மேலே இருந்தவர்களை மற்றவர்கள் எடுத்துப் போன பிறகு, ஒருவர் பிப்ரவரியில், மற்றவர் மார்ச்சில், கையெழுத்துப் போட்டார்கள். நடுத்தரத்தில் நடுத்தர விலை கொடுத்து வாங்கிய கசப்பை, முதல்தரத்தைத் தொடாமல் இருக்கக் காரணமாகக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு, பர்ன்ஸின் கை கிழியும் என்று 2024 டிசம்பரில் யாருக்கும் தெரியாது. அந்த அபாயத்துக்காகத்தான் கிளப் பயந்தது என்று வைத்துக்கொண்டாலும், ஃப்ரீடை எடுத்திருக்கலாம், க்ரோஷேவுக்காகப் பாஸ்டனோடு போட்டி போட்டிருக்கலாம். ரசிகர்கள் கேட்டது பர்ன்ஸ் என்ற ஒரு மனிதரை மட்டும் இல்லை, ஒரு ஏஸை. எந்த ஒப்பந்தமும் கெட்டுப் போகலாம். எதிலும் கை வைக்காமல் இருந்தால் நஷ்டமே வராது என்பதை 2025 சீசன் பொய்யாக்கிவிட்டது.

பால்டிமோரில் வயதானவர்கள் இன்னொரு பெயரைச் சொல்வார்கள்: மைக் முசீனா. பத்து ஆண்டு ஓரியோல்ஸுக்காக எறிந்தவர். 2000 முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்டாக யாங்கீஸுக்குப் போனார், ஆறு ஆண்டு, 8.85 கோடி. அங்கே எட்டு சீசன் எறிந்தார். ஒப்பந்த ஆண்டுகளையும் தாண்டி, 2008இல் கடைசிச் சீசனில் இருபது ஆட்டம் வென்றுவிட்டு ஓய்வு பெற்றார். 2019இல் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனபோது எந்த அணியின் சின்னமும் இல்லாத தொப்பியோடு தன் பலகையைச் செய்யச் சொன்னார். பிட்சருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்தால் கை போய்விடும் என்று பேசும்போது கார்லண்ட் ஞாபகத்துக்கு வருகிறார். முசீனாவும் வர வேண்டும்.

2025 டிசம்பரில் ஓரியோல்ஸ் உண்மையிலேயே பெரிய செலவு செய்தது. நியூயார்க் மெட்ஸின் ஹோம் ரன் மன்னர் பீட் அலோன்சோவுக்கு ஐந்து ஆண்டு, 15.5 கோடி டாலர். பணம் இருக்கிறது, மனமும் இருக்கிறது என்று தெரிந்துபோனது. மகிழ்ந்த கையோடு ரசிகர்கள் கேட்ட அடுத்த கேள்வி, பிட்சர் எங்கே என்பதுதான். அலோன்சோவும் பேட்டர். அந்தக் குளிர்காலத்தின் பெரிய பிட்சர் டிலன் சீஸ் ஏழு ஆண்டுக்கு அதே 21 கோடி டாலர் வாங்கிக்கொண்டு டொரன்டோவுக்குப் போனார். டொரன்டோவும் அதே பிரிவுதான். வருகிற ஆண்டுகளில் பால்டிமோர் பேட்டர்கள் அவரைத் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டியிருக்கும்.

ரசிகர்கள் அவசரப்படுவதற்குக் காரணம் நாட்காட்டி. ரட்ச்மேனின் ஆறு ஆண்டு 2027 சீசனோடு முடிகிறது, ஹெண்டர்சனுக்கு 2028இல். அப்புறம் அவர்களும் ஃப்ரீ ஏஜென்டுகள். அவர்களுக்கும் பெரிய அணிகள் பல கோடி டாலரை நீட்டும். மூன்று பயங்கரமான சீசன்களைச் சகித்துச் சேர்த்த பேட்டர்கள் இந்த அணியில், இந்தச் சம்பளத்தில் இருக்கும் ஆண்டுகள் எண்ணிக்கையில் அடங்குபவை. ஒவ்வொரு குளிர்காலமும் ஏஸ் இல்லாமல் கழியும்போது அந்த எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது.